ஸ்டில் பார்த்துப் படம் சொல்லும் மாலை: மதுரையில் ஒரு மாதாந்திரக் கூட்டம்

மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடை ஒன்றின் மாடியில், ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குப் பழைய தமிழ்ப் படங்களின் ஸ்டில்களை, அதாவது காட்சிப் புகைப்படங்களை, திரையில் காட்டிப் படத்தின் பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று நடைபெறுகிறது. அதற்குப் பெயர்ப்பலகையோ அழைப்பிதழோ கிடையாது. வந்து போகிறவர்கள் 'ஸ்டில் கூட்டம்' என்று சொல்கிறார்கள், அவ்வளவுதான். நபருக்கு 60 ரூபாய் வாங்குகிறார்கள், இடையில் காப்பியும் சுண்டலும் உண்டு. 83 வயதாகும் என் தந்தையாரை அழைத்துக்கொண்டு கடந்த ஆறு மாதமாக ஒரு தடவைகூடத் தவறாமல் போய்வருகிறேன் என்பதால், இந்தக் கூட்டத்தில் எது சிறப்பாக இருக்கிறது, எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முறை எளிமையானது. வந்திருப்பவர்களை நான்கு அல்லது ஐந்து பேர் கொண்ட குழுக்களாக உட்கார வைக்கிறார்கள். ஒரு மாலைக்கு 24 ஸ்டில்கள். எந்தக் குறிப்பும் இல்லாமல் சொன்னால் 10 மதிப்பெண். ஒவ்வொரு குறிப்புக்கும் 2 குறையும். நான்கு குறிப்புகளுக்குப் பிறகும் தெரியாவிட்டால் விடையைச் சொல்லிவிடுவார்கள். விடையை வாயால் சொல்லக் கூடாது, சீட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் என் தந்தையாரைப் போன்றவர்கள் நிறைந்த அறையில் ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். முதல் தடவை போனபோது, சந்திரலேகா என்று அவர் உரக்கச் சொல்லிவிட, நடத்துகிற பெரியவர் கோபப்படாமல், "ஐயா, சீட்டுல எழுதுங்க, பின்னாடி இருக்கிற பிள்ளைகளும் கொஞ்சம் யோசிக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெரியவர் பல வருடம் திரையரங்கில் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். ஒரே படத்தை நாற்பது ஐம்பது தடவை புரொஜெக்டர் அறையின் சிறு ஜன்னல் வழியாகப் பார்த்த கண் அவருடையது. குறிப்புகளை எழுதுபவரும் அவரே.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கூட்டத்தின் உயிர் அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. ஸ்டில்லை யார் வேண்டுமானாலும் சேகரித்துவிடலாம். குறிப்பு எழுதுவது அப்படியல்ல. கேட்டவுடன் கண் மீண்டும் படத்தை நோக்கித் திரும்பினால் அது நல்ல குறிப்பு. படத்தைப் பார்க்கவே தேவையில்லாமல் விடையைக் கையில் கொடுத்துவிட்டால் அது குறிப்பே அல்ல, பொது அறிவுக் கேள்வி. பெரியவர் எழுதுகிற குறிப்புகளில் பெரும்பாலானவை முதல் வகை.

சந்திரலேகாவையே எடுத்துக்கொள்வோம். எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி தயாரிப்பாக 1948-இல் வெளிவந்த அந்தப் படத்தின் முரசு நடனத்தைக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவர் முரசையே காட்டவில்லை. அரண்மனை முற்றத்தில் வாளேந்திய வீரர்கள் நெருக்கியடித்துச் சண்டையிடும் ஒரு ஸ்டில்லைத்தான் போட்டார். அதைப் பார்த்தால் எந்த ராஜா ராணிப் படமாகவும் இருக்கலாம். முதல் குறிப்பு இப்படி வந்தது: "இந்த வீரர்கள் வாசல் வழியாக உள்ளே வரவில்லை." நடனம் முடிந்ததும் முரசுகளைப் பிளந்துகொண்டு வீரர்கள் குதித்து வரும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். பார்க்காதவர்களோ ஸ்டில்லின் ஓரங்களில் வாசலைத் தேடத் தொடங்கினார்கள். இரண்டு தரப்பையும் படத்துக்குள் இழுத்த வரி அது.

சர்வர் சுந்தரத்துக்கும் அப்படித்தான். இசைக்குழுவுக்கு முன்னால் கைகளை உயர்த்தி நிற்கும் ஒருவருடைய ஸ்டில் வந்தது. எங்கள் குழுவில் இருந்த கல்லூரி மாணவர் அவரை ஏதோ குணச்சித்திர நடிகர் என்று நினைத்துப் பெயர் தேடிக்கொண்டிருந்தார். "இவர் இங்கே நடிக்கவில்லை, தம் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்" என்பது குறிப்பு. 1964-இல் வந்த அந்தப் படத்தில் 'அவளுக்கென்ன அழகிய முகம்' பாடலில், பாடல் பதிவு நடக்கும் இடமே காட்சியாக வருவதும், மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் தாமாகவே திரையில் தோன்றுவதும் அந்த மாணவருக்குத் தெரியாது. விடை சொல்லப்பட்டதும், "அப்போ இவர்தான் எம்.எஸ்.வி.யா?" என்று அவர் மீண்டும் திரையைப் பார்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இத்தனை நாளும் குரலாகவும் இசையாகவும் மட்டுமே தெரிந்திருந்த ஒருவரை அன்றுதான் அவர் முகமாகக் கண்டார்.

எல்லாவற்றிலும் மேலானது தில்லானா மோகனாம்பாளுக்கு எழுதிய குறிப்பு. நாதஸ்வரத்தோடு சிவாஜி நிற்கும் ஸ்டில்லைத் தவிர்த்துவிட்டு, தவிலோடு இருக்கும் டி.எஸ்.பாலையாவை மட்டும் வெட்டிக் காட்டியிருந்தார். பாலையா எத்தனையோ படங்களில் இருக்கிறார் என்பதால் பலர் தயங்கினார்கள். "இந்தப் படத்தில் நீங்கள் கேட்ட வாத்தியம் நம்ம ஊரிலிருந்து போனது" என்று குறிப்பு வந்ததும் அறை முழுவதும் ஒரு சலசலப்பு. 1968-இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த அந்தப் படத்தில் சிவாஜி ஏற்ற சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரமாக நாம் கேட்பது மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உடனே பிடிபடக்கூடிய இப்படியொரு குறிப்பை, இந்த ஊரில் உட்கார்ந்து இந்த ஊர் ஆட்களை மனத்தில் வைத்து எழுதும் ஒருவரால்தான் தர முடியும். இணையத்தில் 'ஃபிரேம்டு' என்றொரு தினசரி விளையாட்டு இருக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலப் படங்கள், ஒரு நாளைக்கு ஒரு படம், ஆறு காட்சிகள், ஆறு வாய்ப்புகள், தவறாகச் சொல்லச் சொல்ல அடுத்த காட்சி வரும். நானும் விளையாடியிருக்கிறேன், நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே காட்சிகள் மட்டுமே பேசும். எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்து பேசுகிற வாய் அதற்கு இல்லை.

இதே பெரியவர் சறுக்கும் இடமும் உண்டு. 'அந்த நாள்' படத்துக்கு முகத்தில் பாதி இருளும் பாதி வெளிச்சமுமாக விழுந்த அருமையான ஸ்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதல் குறிப்பாகவே "பாடல் இல்லாத படம்" என்று சொல்லிவிட்டார். எஸ்.பாலசந்தர் இயக்கத்தில் 1954-இல் ஏ.வி.எம். எடுத்த அந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அது பாடலே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் என்ற செய்தி தெரியும். ஐந்து குழுக்களும் ஒரே நொடியில் எழுதிக் கொடுத்தன. ஸ்டில்லை யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை. கதை நடப்பது சென்னையில் ஜப்பான் குண்டு போட்ட 1943 அக்டோபரில் என்பதை மட்டும் சொல்லியிருந்தால், அந்த இருளும் வெளிச்சமும் ஏன் அப்படி விழுந்திருக்கின்றன என்று நாங்கள் யோசித்திருப்போம். சிவாஜியின் நவராத்திரி படத்துக்கு "ஒன்பது வேடம்" என்றதும் இதே கதைதான். இப்படிப்பட்ட வரிகளைக் கடைசிக் குறிப்பாக வைத்துக்கொண்டால் நல்லது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அப்படியே மாற்றியிருந்தார்கள். சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது மாதம் நடந்த தவறு இதைவிடப் பெரியது. கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ் சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஸ்டில், அருமையான வண்ணத்தில் வந்தது. மாயாபஜார் என்று உடனே எழுதப் போன எங்கள் குழு நின்றுவிட்டது. 1957-இல் வந்த தமிழ் மாயாபஜார் கறுப்பு வெள்ளைப் படம். அப்படியானால் இது ரங்காராவ் நடித்த வேறு ஏதோ வண்ணப் புராணப் படமாக இருக்க வேண்டும் என்று தர்க்கம் பேசி, இருக்கிற வண்ணப் படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றும் எழுதாமல் விட்டோம். விடை மாயாபஜார்தான் என்று வந்தது. கணினிக்கு முன்னால் இருந்த தம்பி இணையத்திலிருந்து எடுத்த அந்தப் படம், தெலுங்கு மாயாபஜாரைக் கணினியில் வண்ணமேற்றி 2010-இல் வெளியிட்டபோது உண்டான காட்சி. ரங்காராவும், கிருஷ்ணராக வரும் என்.டி.ராமாராவும், சாவித்திரியும் இரண்டு மொழியிலும் இருப்பதால் ஸ்டில்லைப் பார்த்து மொழியைச் சொல்ல முடியாது. தெலுங்கில் நாகேஸ்வரராவ் செய்த அபிமன்யு வேடத்தைத் தமிழில் ஜெமினி கணேசன் செய்தார் என்பதால், அவர் இருக்கும் காட்சியைப் போட்டிருந்தால் எந்தக் குழப்பமும் வந்திருக்காது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டில் வண்ணம் என்பது அலங்காரம் அல்ல, சாட்சி. முழுநீள வண்ணப் படம் தமிழில் 1956-இல் சேலத்துப் பட நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தோடுதான் வருகிறது. எம்.ஜி.ஆர். இயக்கிய நாடோடி மன்னனில் (1958) முற்பகுதி கறுப்பு வெள்ளை, பிற்பகுதி வண்ணம். ஆகவே அந்தப் படத்தின் ஸ்டில் ஒன்று எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை வைத்தே கதை எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். படத்தின் அகலமும் அப்படித்தான்: தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ராஜராஜ சோழன் என்பது தெரிந்தவருக்கு, நீண்டு அகன்ற ஒரு காட்சியைப் பார்த்ததும் அதற்கு முந்தைய நாற்பது வருடப் படங்கள் கணக்கிலிருந்து விலகிவிடும். முகமே தெரியாத ஸ்டில்லிலும் காலத்தைக் கணித்து, அங்கிருந்து நிறுவனத்தையும் இயக்குநரையும் நோக்கி நகர்வதுதான் இதில் உள்ள சுகம். வண்ணம் பூசிய படத்தையோ, ஓரம் வெட்டிய படத்தையோ சொல்லாமல் கொடுத்தால் அந்த வழி முழுவதும் அடைபட்டுப்போகிறது. அன்று அந்தச் சுற்றுக்கு மதிப்பெண்ணை நீக்கிவிட்டார்கள் என்பது ஆறுதல். ஆனாலும் இணையத்திலிருந்து எடுக்கும் படங்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் வந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் அவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். திரையரங்கு வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்தி வைத்திருந்த ஸ்டில்கள் படச்சுருளிலிருந்து எடுத்தவை அல்ல. படப்பிடிப்புத் தளத்தில் ஸ்டில் போட்டோகிராபர் தனிக் கேமராவில் எடுத்தவை. நடிகர்கள் அதற்காகவே அசையாமல் நிற்பார்கள், முகங்களில் வெளிச்சம் சீராக விழுந்திருக்கும், சில சமயம் படத்தில் இல்லவே இல்லாத ஒரு நிலையில்கூட நிற்பார்கள். திரையில் ஓடும் படத்தை நிறுத்தி எடுத்த காட்சியோ வேறு மாதிரி. கை கலங்கியிருக்கும், கண் பாதி மூடியிருக்கும். ஸ்ரீதரின் நெஞ்சில் ஓர் ஆலயம் (1962) படத்தில் 'சொன்னது நீதானா' பாடலின்போது வின்சென்டின் கேமரா கட்டிலுக்குக் கீழே புகுந்து பார்க்கும் கோணம் எந்த வாசல் ஸ்டில்லிலும் கிடைக்காது. அதைப் படத்திலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். கட்டிலின் கால்களுக்கிடையே தெரிந்த அந்த அறையைப் பார்த்ததும் குறிப்பே கேட்காமல் மூன்று குழுக்கள் எழுதின. மருத்துவமனை என்ற ஒரே இடத்துக்குள் முழுப் படத்தையும் நடத்திக் காட்டியவர்களின் கைத்திறனைப் புரிந்துகொள்ள அந்த ஒரு காட்சி போதுமானதாக இருந்தது. எது வாசல் ஸ்டில், எது படத்திலிருந்து எடுத்தது என்று மூலையில் சிறிதாக ஒரு குறி போட்டுவிட்டால் புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இடைவேளைக்குப் பிறகு வரும் பாட்டுப் புத்தகச் சுற்று எனக்கு மிகவும் நெருக்கமானது. அந்தக் காலத்தில் அணாக் கணக்கில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் பாடல்களுக்கு முன்னால் கதைச் சுருக்கம் போட்டிருப்பார்கள். கதை முடிச்சு விழும் இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று எழுதியிருப்பார்கள். பெரியவர் தம்மிடம் உள்ள புத்தகங்களிலிருந்து அந்தச் சுருக்கத்தைப் பாத்திரங்களின் பெயரை மறைத்துப் படிப்பார். திரையில் அட்டையின் ஒரு மூலை மட்டும் தெரியும். காகிதம் பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, யாரோ ஒருவர் ஊதா மையில் எழுதிய பெயரோடு இருக்கும் அந்த மூலையைப் பார்க்கும்போது, படத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அன்றைய ரசிகருக்கு இருந்த ஒரே வழி அதுதானே என்று நினைத்துக்கொள்வேன். இந்தச் சுற்றில் வயதானவர்கள்தான் வெல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கதையமைப்பைக் கூர்ந்து கேட்கும் இளையவர்கள் பல சமயம் முந்திக்கொள்கிறார்கள்.

படங்களின் தேர்வில் எனக்கு நிறைவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலுமே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். 1931-இல் வந்த காளிதாஸ் தமிழின் முதல் பேசும் படம், டி.பி.ராஜலக்ஷ்மி தமிழில் பேச மற்றவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் பேசிய அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. பிரதியே இல்லாத படங்களின் விளம்பரங்களையும் புகைப்படங்களையும் காட்டி ஒரு சுற்று வைத்தால் யாருக்கும் மதிப்பெண் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் ராஜலக்ஷ்மியின் முகத்தை ஒரு தடவையாவது எல்லோரும் பார்த்திருப்போம். எண்பதுகளின் படங்களையும் சேர்க்கச் சொல்லி இளையவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

வசதிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் துணை கட்டாயம் வேண்டும். மைக் இல்லாததால் பின்வரிசைக்குக் குறிப்புகள் சரியாகக் கேட்பதில்லை. காப்பி நன்றாக இருக்கிறது.

என் தந்தையாரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. இரண்டாவது மாதம் பராசக்தியின் நீதிமன்றக் காட்சி ஸ்டில் வந்தது. எல்லோரும் எழுதினார்கள், அவர் எழுதவில்லை. தெரியவில்லையா அப்பா என்று கேட்டேன். "தங்கம் தியேட்டர்ல பார்த்தேம்மா" என்று மட்டும் சொன்னார். 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கிய தங்கம் தியேட்டர் 1952 தீபாவளிக்குத் திறக்கப்பட்டபோது அங்கே ஓடிய முதல் படம் பராசக்தி. கட்டடம் முழுதாகக் கட்டி முடிவதற்கு முன்பே படத்தைப் போட்டுவிட்டார்கள் என்றும், தாத்தா தோளில் உட்கார்ந்து திரையைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்ததாகவும் வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். அந்தக் கட்டடம் இன்று இல்லை. என்னிடம் இத்தனை வருடத்தில் அவர் சொல்லாத கதை அது.

கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மதிப்பெண் கிடையாது. பழைய புகைப்படங்களை மொத்தமாக வாங்கியபோது வந்த, பெயர் தெரியாத ஸ்டில்களைப் பெரியவர் கைமாற்றி அனுப்புவார். அவருக்கே விடை தெரியாத படங்கள் அவை. திரையுலகச் செய்திகளையும் ஸ்டில்களையும் ஆயுள் முழுவதும் தேடிச் சேர்த்து, தமிழ்த் திரைப்பட வரலாற்றையே தொகுத்துத் தந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைப் போன்றவர்கள் செய்த பணியின் ஒரு சிறு நூலிழையை இந்த மாடியில் பிடித்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றுவது இந்தப் பத்து நிமிடத்தில்தான். போன மாதம் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்டில் எங்கள் வரிசைக்கு வந்தது. கதாநாயகியின் முகத்தில் ஈரம் பட்டு உப்பியிருந்தது, பின்னால் ஒரு தூணும் திரைச்சீலையும். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "படம் தெரியலை. ஆனா இந்தத் தூணைப் பார்த்திருக்கேன், இது சேலத்துல எடுத்தது, மாடர்ன் தியேட்டர்ஸ் செட்டு" என்றார். பெரியவர் அதை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் 'மாடர்ன் தியேட்டர்ஸ்?' என்று கேள்விக்குறியோடு எழுதி, அன்றைய தேதியையும் போட்டுத் தனி உறையில் வைத்துக்கொண்டார். இந்த மாதக் கூட்டத்துக்கு அந்த நிறுவனத்தின் பாட்டுப் புத்தகங்களை எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா கண்ணாடியைத் துடைத்து மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறார்.